லாபம், ரெண்டு, மூணு

மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்தவர் முதலாளி. குங்குமம் வைத்தவள் நான். கீபோர்டுக்கும் வைக்கலாமா என்று அவர் கையை நீட்டியபோது, எழுத்து மறைந்துவிடும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். அந்தப் பங்கு சிபியுவின் தலைக்குப் போனது, ஒரு செவ்வரளிப் பூவோடு.

பேக்கிங் செக்‌ஷனின் மூலையில் கண்ணாடி வைத்துத் தடுத்த சின்ன அறை அது. எங்கள் பனியன் கம்பெனியில் ஏசி இருந்த ஒரே இடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தைத்த பனியனில் பிசிறு நூல் வெட்டும் செக்கிங் மேஜையில் நின்ற பெண்கள் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா.

கதவோரம் பேக்கிங் இன்சார்ஜ் தேவசகாயம் அண்ணாச்சி, முதல் அட்டைப்பெட்டிக்கான சீட்டோடு நின்றார். கோயிலுக்குள் வருவதுபோலச் செருப்பை வெளியே விட்டிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், அன்றைக்கு எங்களோடு சேர்ந்து கற்பூரமும் தொட்டுக்கொண்டார்.

"மொதப் பொட்டி நேவி புளு, நாலு வயசு சைஸுங்க ஐயா. போட்டரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"இரு கண்ணு, அவசரப்படாத. மொதல்ல லாபம்னு போடு. அப்பறம் பொட்டியப் போடு," என்றார் முதலாளி.

கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. பெட்டிக் கணக்கில் புது வரி சேர்க்க 'இன்சர்ட் இன்டு கார்ட்டன் வேல்யூஸ்' என்று அடித்து, அடைப்புக்குறியைத் திறந்தேன். பெட்டி எண் என்ற இடத்தில் ஒன்று. கலர் என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் லாபம். சைஸுக்கு ஒரு கோடு. பீஸ் பூஜ்யம், எடை பூஜ்யம். அடைப்பை மூடி, அரைப்புள்ளி வைத்து, என்டர் தட்டினேன்.

'ஒன் ரோ கிரியேட்டட்' என்று எழுதிக் காட்டியது திரை.

"என்ன சொல்லுது?"

"ஒரு வரி உண்டாயிருச்சுன்னு சொல்லுதுங்க ஐயா."

"லாபம் உண்டாயிருச்சுன்னு சொல்லு," என்றவர் மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பின்னாளில் எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ லட்சம் வரிகள் ஏற்றியிருக்கிறேன். அந்த ஒரு வரி மட்டும் சந்தன வாசனையோடு நிற்கிறது.

ஒரு ஷிப்மெண்டுக்கு மட்டும்

நானும் நின்று நூல் வெட்டிய அந்தச் செக்கிங் மேஜையைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, அந்த மேஜையிலிருந்து எப்படித்தான் தப்பித்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தப்பிக்கவெல்லாம் இல்லை அம்மா. ஒரே ஒரு ஷிப்மெண்டுக்கு மட்டும் என்று சொல்லித்தான் என்னை இரவல் வாங்கினார்கள்.

செல்போன் எல்லோர் கைக்கும் வரத் தொடங்கியிருந்த காலம். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று எங்கள் கம்பெனிக்கு வந்தது. அதுவரை ஒவ்வொரு பெட்டியிலும் என்ன கலர், என்ன சைஸ், எத்தனை பீஸ் என்ற விவரத்தை அண்ணாச்சி கையால் எழுதுவார். அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு டைப்பிங் சென்டருக்கு ஓடுவார்கள். அங்கே பத்துக் கம்பெனிகளின் லிஸ்ட் ஏற்கெனவே வரிசையில் கிடக்கும்.

ஆர்டர் கொடுத்த இந்த பையர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்க வேண்டும், எப்போது கேட்டாலும் எடுத்துத் தர வேண்டும் என்றார்கள். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்த சாப்ட்வேர்க்காரர், விவரங்களைப் போட்டு வைக்க 'கார்ட்டன்' என்ற பெயரில் ஒரு டேபிளை, அதாவது கட்டம் போட்ட பட்டியலை, உருவாக்கினார். கட்டம் கட்டமாக நிரப்புகிற ஸ்கிரீனை அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிப் போனார். அந்த அடுத்த வாரம் வரவில்லை. போன் செய்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது.

ஆக, இருந்தது கறுப்புத் திரை மட்டும். அதனோடு எஸ்.கியூ.எல். பாஷையில் பேசினால்தான் பதில் சொல்லும். அந்தப் பாஷை தெரிந்த ஆள் கம்பெனிக்குள் நான் ஒருத்திதான். அம்மாதான் இதை முதலாளி காதில் போட்டாள். "நம்ம சாந்தாமணி அவனாசீல கம்ப்யூட்டர் படிச்சதுங்க," என்றாளாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னார்.

"இந்த ஷிப்மெண்டு சுத்தமாப் போச்சுன்னா இந்தச் சேர் உன்றது கண்ணு. இல்லீன்னா நீ மறுக்கா செக்கிங்குக்குப் போயிரு. என்ற பேரன் வெளையாடறதுக்கு இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி ஊட்டுக்குப் போயிரும்."

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன், அதற்கு முன் எதன் மேலும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. உட்கார்ந்து வேலை செய்யலாம், ஏசி இருக்கும் என்பதெல்லாம் இரண்டாவது. அந்தத் திரை பதில் சொல்லும் என்பதுதான் முதல் காரணம்.

செக்கிங் மேஜையில் ஒரு கட்டு பனியனை ஒரு நூல் விடாமல் வெட்டி வைத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு நூல் விட்டுப்போனால் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. சரியாகச் செய்த ஒவ்வொன்றுக்கும் 'உண்டாயிற்று' என்று உடனே ஒரு குரல். சத்தமில்லாத குரல்தான், ஆனாலும் எனக்குக் கேட்டது.

ஆட்டுப் பட்டி

அவினாசியில் நான் படித்த கம்ப்யூட்டர் சென்டர் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. பன் வேகும் வாசனை படியேறி வந்துவிடும். மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என் பக்கத்தில் ஸ்டெல்லா உட்காருவாள், எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். மூன்றாவது பெண் பெரும்பாலும் வரமாட்டாள். அதனால் எங்களுக்கு அவளைப் பிடிக்கும்.

பாடத்தில் வந்த டேபிள் முழுக்க வெள்ளைக்காரப் பெயர்கள். அவர்களுக்கு டாலரில் சம்பளம். "இவங்கெல்லாம் ஆருன்னே தெரியாது, இவங்களுக்கு எதுக்கு நாம வரி ஏத்தோணும்?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. நியாயமாகத்தான் இருந்தது. எங்களுக்கென்று ஒரு டேபிள் உண்டாக்கி, அதற்கு 'ஆடு' என்று பெயர் வைத்தோம்.

எங்கள் வீட்டுப் பட்டியில் கட்டியிருந்த ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கருப்பி, செவலை, மொட்டைக்காது. நிறம் ஒரு கட்டம், வயது ஒரு கட்டம், முட்டுமா முட்டாதா என்பது ஒரு கட்டம். மொட்டைக்காதுக்கு 'முட்டும்' என்று போட்டு என்டர் தட்டியபோது, 'ஒன் ரோ கிரியேட்டட்' என்று வந்ததே, ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் கீழே பேக்கரிக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போனால் இன்றைக்கு என்ன படித்தாய் என்று அம்மா கேட்பாள். ஆட்டுக்குப் பேர் எழுதினேன் என்பேன். இதற்கா பணம் கட்டிப் போகிறாய் என்பதுபோலப் பார்ப்பாள்.

கடைசியாக நடந்த வகுப்பில், ஒரு டேபிளில் இருக்கும் வரிகளையெல்லாம் ஒரே கட்டளையில் இன்னொரு டேபிளுக்குள் இறக்குவது எப்படி என்று பார்த்தோம். ஸ்டெல்லா தன் பெயரில் ஒரு புதுப் பட்டி உண்டாக்கி, என் ஆடுகள் அத்தனையையும் அதற்குள் ஓட்டிக்கொண்டாள். என் பட்டியில் பார்த்தால் ஆடுகள் அங்கேயும் அப்படியே நின்றன.

"திருடினதே தெரியாம திருடலாம் போல இருக்குதே சாந்தா," என்றாள்.

மறுவாரம் போனபோது சென்டர் பூட்டியிருந்தது. 'வாடகைக்கு' என்று ஒரு போர்டு தொங்கியது. அழிப்பதும் திருத்துவதும் அடுத்த மாதப் பாடம். அந்த மாதம் எங்களுக்கு வரவேயில்லை. அதனால் ஏற்றத் தெரியும், எடுத்துப் பார்க்கத் தெரியும், அழிக்கத் தெரியாது என்ற அரைப் படிப்போடுதான் நான் அந்த ஏசி ரூமுக்குள் நுழைந்தேன்.

லாபம் என்ற எண்

முதலாளியின் சொந்த ஊர் மடத்துக்குளம் பக்கம். நெல் விளைகிற ஊர். களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் அளவையை 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்று தொடங்கி, அதற்குப் பிறகு ரெண்டு, மூணு என்று போவார்கள். ஊரை விட்டு வந்து பனியன் கம்பெனி வைத்த பிறகும் அவர் வாயில் 'ஒண்ணு' வரவில்லை.

துணி ரோல் எண்ணினாலும் லாபம், லாரி எண்ணினாலும் லாபம். பேரப்பிள்ளைகளை காரில் ஏற்றும்போதும், "லாபம், ரெண்டு, மூணு," என்று தலையைத் தொட்டு எண்ணுவார். மூத்த பேரனை வீட்டில் எல்லோரும் லாபம் என்றே கேலி செய்வார்கள். காய்ச்சல் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று டாக்டர் கேட்டால் மட்டும் 'ஒரு நாள்' என்பார்.

தேவசகாயம் அண்ணாச்சிக்கு நாசரேத் பக்கம், பனங்காட்டு ஊர். இந்த வழக்கத்தை இங்கே வந்துதான் பழகினார். முதலாளி அகராதியில் லாபம் என்றால் ஒன்று. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது.

பூஜை போட்ட அன்றைக்கு முதலாளி அவரிடமும் சொன்னார்: "அண்ணாச்சி, மொதப் பொட்டி லாபம்ங்க. நெனப்பு வெச்சுக்கோங்க."

"சரிங்க மொதலாளி," என்றார் அண்ணாச்சி.

இந்த இடத்தை வாசகர்கள் சற்று கவனித்துக்கொள்ள வேண்டும். என் பக்கத்தில் லாபம் ஒரு தனி வரி. அதற்கு எண் ஒன்று. துணியே இல்லாத பெட்டி. அடுத்து வந்த நிஜப் பெட்டிக்கு நான் போட்ட எண் இரண்டு. அண்ணாச்சி பக்கத்தில் லாபம் என்பது ஒன்று என்பதன் மறுபெயர். அவர் முதல் நிஜப் பெட்டியின் மேல் எண் வெட்டிய தகட்டை வைத்து, மை தொட்டு, '1' என்று அச்சுக் குத்தினார். சீட்டில் பெட்டி எண் எழுதும் பழக்கமில்லை. பெட்டி வரிசையாகத்தானே வரும் என்று என் எண்ணை நான் போட்டேன், அவர் எண்ணை அவர் போட்டார்.

அது தெரியாமல் நாங்கள் இருவரும் சந்தோஷமாக வேலை பார்த்தோம். வெளியே பேக்கிங் டேப் கிர்ரென்று கிழியும் சத்தம். அயர்ன் டேபிளிலிருந்து ஆவி வாசனை. கதவு திறக்கும், அண்ணாச்சி சீட்டை நீட்டுவார். நேவி, நாலு வயசு, இத்தனை பீஸ், இத்தனை கிலோ. நான் ஏற்றுவேன். 'ஒன் ரோ கிரியேட்டட்.'

ஆரம்பத்தில் ஒருநாள், காலை முழுக்க ஏற்றிய வரிகள் கரண்ட் போனதும் காணாமல் போய்விட்டன. ஏற்றினால் மட்டும் போதாது, 'கமிட்' என்று ஒரு வார்த்தை அடித்தால்தான் நிலைத்து நிற்கும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அண்ணாச்சி எனக்குக் காவல். ஒவ்வொரு சீட்டைக் கொடுத்துவிட்டும், "கமிட்டு போட்டியா தாயி?" என்று கேட்காமல் நகர மாட்டார்.

டிபன் பாத்திரத்தோடு போகும்போதெல்லாம் அம்மா கண்ணாடிக்கு வெளியே நிற்பாள். கையை மட்டும் விரித்து, ஆச்சா என்று கேட்பாள். ஆகிறது என்று தலையாட்டுவேன்.

லாபாம் எந்த கலர்?

கடைசிப் பெட்டி ஏறியதும் லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்தோம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது. ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதம் மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது. முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பையரின் ஆள் வந்தார். டெல்லிக்காரர், பெட்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். அவர் கையெழுத்து விழுந்தால்தான் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். கப்பல் நமக்காகக் காத்திருக்காது. லாரி காலையிலேயே வந்து வாசலில் நின்றது.

மனிதர் ஏசி ரூமில் இளநீரைக் குடித்துவிட்டு லிஸ்ட்டைப் பிரித்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பையிலிருந்து ஷேட் கார்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த துணித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"யே லாபாம் கௌன்சா கலர் ஹை?" இது எந்த கலர் என்று இந்தியில் கேட்டார்.

வடக்கத்திப் பையன்களோடு வேலை பார்த்து அண்ணாச்சிக்குக் கொஞ்சம் இந்தி வரும். "சார், லாபாம் கலர் நஹி. லாபாம் மத்லப்... ஒன்," என்று, லாபம் நிறமல்ல, அதற்கு அர்த்தம் ஒன்று என விளக்கினார்.

"லாபம் மீன்ஸ் பிராஃபிட்," என்றார் முதலாளி.

"பிராஃபிட் கலர்?" என்று கேட்டார் டெல்லிக்காரர். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அவர் எழுந்து பெட்டி அடுக்குக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். நேவி பெட்டிகளில் இரண்டு பார்த்தார், சரியாக இருந்தது. நிறம் மாறுகிற இடத்துக்கு வந்தார். லிஸ்ட்டில் நேவி என்று இருந்த எண்ணுக்கு, பெட்டி மேல் ரெட் என்று இருந்தது. அடுத்த நிறம் மாறுகிற இடத்திலும் அப்படித்தான், லிஸ்ட்டில் ரெட், பெட்டியில் மஞ்சள். லிஸ்ட்டின்படி கடைசிப் பெட்டி எங்கே என்று கேட்டார். அப்படி ஒரு பெட்டியே இல்லை.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். லிஸ்ட் தவறு, ஐந்து மணிக்கு நான் கிளம்ப வேண்டும், அதற்குள் சரியான லிஸ்ட் வந்தால் கையெழுத்து, வராவிட்டால் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி ஏசிக்குள் போனார்.

முதலாளி பெட்டி அடுக்கில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். செக்கிங் மேஜைப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் அடுக்கின் அடியில் இருந்த பெட்டி கண்ணில் பட்டது. நேவி, நாலு வயசு. அதன் மேல் கறுப்பு மையில் பெரிதாக '1'.

"அண்ணாச்சி, லாபம் பொட்டிக்கு என்ன நம்பர் குத்துனீங்க?"

"என்ன தாயி கேக்குத? லாபத்துக்கு ஒண்ணுதான. மொதலாளியே சொன்னாவல்லா."

எனக்கு விளங்கிவிட்டது. மொத்த லிஸ்ட்டும் ஒரே ஒரு எண் தள்ளி நிற்கிறது. வேறு ஒரு குற்றமும் இல்லை. யார் மேலும் குற்றம் இல்லை.

வேல்யூஸ் வேண்டாம்

விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இது எண்ணுகிற விவகாரம், அதில் அவர் கெட்டிக்காரர்.

"சரி, பொட்டி நம்பரை மாத்திப் போடலாமா?"

"நானூறு பொட்டிக்கு மேல இருக்குங்க மொதலாளி. பட்டை போட்டு அடுக்கியாச்சு. எறக்கி ஏத்தவே ராத்திரி ஆயிரும்," என்றார் அண்ணாச்சி.

"இதுல மறுக்கா ஏத்த எத்தன நேரமாகும் கண்ணு?"

"எல்லாத்தையும் மறுக்கா ஏத்தறதுன்னா நாலஞ்சு நாளாச்சும் ஆகுங்க."

"அப்பறம்?"

"லாபம்கற வரிய எடுத்துப்போட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்கண்ணு, என்ன பேச்சு இது? சரக்கு லாரி ஏறப்போற நேரத்துல லாபத்த அழிக்கறதா?" என்றார். கோபமில்லை, பயந்துபோனார். "வேற என்ன வேணாலும் செய்யி சாமி. அத மட்டும் தொடாத."

அவர் சம்மதித்திருந்தாலும் எனக்கு அழிக்கத் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. சொல்ல அவகாசமும் இல்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். டெல்லிக்காரர் பின்னால் கண்ணை மூடிக் கால் நீட்டியிருந்தார். வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

அழிக்கக் கூடாது. திருத்தத் தெரியாது. ஏற்ற மட்டும்தான் தெரியும். ஏற்ற மட்டும் தெரிந்தவள் என்ன செய்வாள் என்று யோசித்தபோது, பேக்கரி மாடியில் ஸ்டெல்லா சிரித்தது காதில் கேட்டது. திருடினதே தெரியாம திருடலாம்.

புதுப் பட்டி கட்டத் தெரியும் அல்லவா, கட்டினேன். அதே கட்டங்கள், 'கார்ட்டன் டூ' என்று பெயர். லாபத்தைப் பழைய பட்டியிலேயே விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் புதுப் பட்டிக்குள் ஓட்ட வேண்டும். வாசலைத் தாண்டும்போது ஒவ்வொன்றின் எண்ணிலும் ஒன்று குறைய வேண்டும். எண்ணைக் குறைத்து ஓட்டலாமா என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டுப் பார்ப்போம், இல்லை என்றால் இல்லை என்று சொல்லட்டும் என்று துணிந்தேன்.

'இன்சர்ட் இன்டு கார்ட்டன் டூ வேல்யூஸ்' என்று தொடங்கி முழுவதையும் அடித்தேன். என்டர்.

பிழை என்றது திரை.

அண்ணாச்சி வாய்க்குள் ஜெபம் சொல்வது கேட்டது. மறுபடி படித்தேன். ஒரு எழுத்தும் மாறவில்லை. இன்னொரு முறை படித்தேன். அப்போது புரிந்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு பெட்டியாக ஏற்றிய பழக்கத்தில் விரல் தானாக 'வேல்யூஸ்' என்று அடித்துவிட்டது. கையால் அள்ளிப் போடும்போதுதான் அந்தச் சொல் வேண்டும். பட்டியிலிருந்து ஓட்டும்போது வேண்டாம்.

அந்தச் சொல்லை எடுத்தேன். இன்சர்ட் இன்டு கார்ட்டன் டூ, செலக்ட், எண்ணில் ஒன்று குறைத்து, கலர், சைஸ், பீஸ், எடை, ஃப்ரம் கார்ட்டன், எண் ஒன்றுக்கு மேல் இருப்பவை மட்டும். அரைப்புள்ளி. என்டர்.

திரை ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் சொன்னது: '412 ரோஸ் கிரியேட்டட்.'

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் போய் டெல்லிக்காரர் காலில் இடித்தது. வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக நான் ஏற்றியதை ஒரே வரியில், ஒரே தட்டில், மொத்தமாக உள்ளே இறக்கிவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்றைக்கு எழுதும்போதும் கை மயிர் நிற்கிறது.

"கமிட்டு போடு தாயி, கமிட்டு போடு. கரண்டு போயிரப் போவுது," என்று பதறினார் அண்ணாச்சி. போட்டேன்.

"லாபத்த என்ன பண்ணுன கண்ணு?" முதலாளியின் குரல் தாழ்ந்திருந்தது.

பழைய டேபிளை எடுத்துக் காட்டினேன். முதல் வரியில், எண் ஒன்று, லாபம். அலுங்காமல் இருந்தது.

"இது பழைய பட்டிங்க ஐயா, இதுல ஒண்ணையும் தொடல. லாரிக்குப் போறது புதுப் பட்டி. லாபம் நம்ம ஊட்டுலயே நிக்குதுங்க."

"ஊட்டுலயே நிக்குதா," என்றார். அந்த வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணாச்சியிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், "கேட்டீங்களா, ஊட்டுலயே நிக்குதாமா."

பிரிண்டர் மறுபடி கரகரத்தது. டெல்லிக்காரர் காலைத் தேய்த்துக்கொண்டே லிஸ்ட்டை வாங்கினார். எண் ஒன்று, நேவி, நாலு வயசு. எழுந்து போய் அவர் இஷ்டத்துக்கு இங்கொரு பெட்டி, அங்கொரு பெட்டி என்று பார்த்தார். நிறம் மாறுகிற இடங்களைத் தேடித் தேடிப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. சட்டைப்பையிலிருந்து பேனா வெளியே வந்தது.

லாரி கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்தது நான்தான். முதலாளி வைக்கச் சொன்னார். நாற்காலியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

முதல் வரி

மறுநாள் காலை எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஏசி ரூமுக்குப் போய் உட்கார்ந்து, யார் உட்காரச் சொன்னது என்று கேட்டுவிட்டால்? செக்கிங் மேஜைக்குப் போனேன். அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். கத்தரியை எடுத்து ஒரு பனியனைப் பிரித்தேன்.

"சாந்தாமணி, அங்க என்ன பண்ணீட்டு இருக்கற?" முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்திருந்தார். "ஏசிய ஆருக்குப் போட்டு வெச்சிருக்குது?"

கத்தரியை வைத்த வேகத்தில் அது கீழே விழுந்தது. அம்மா எடுத்துக்கொண்டாள்.

"கம்பெனி ஆளுக பேரெல்லாம் இதுல ஏத்தோணும் கண்ணு. பேரு, ஊரு, எந்த டிபார்ட்மெண்டு, எல்லாம். பொட்டிக்குப் பண்ணுன மாதிரியே."

புது டேபிள் ஒன்றை உண்டாக்கினேன். விரலை வைத்துக்கொண்டு கேட்டேன், "மொத வரி லாபம் போட்டரட்டுங்களா ஐயா?"

கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். மறுக்கா அந்த டெல்லிக்காரன் வந்து, லாபாம் எந்த டிபார்ட்மெண்டுன்னு கேப்பான்." அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மொத வரியில உன்ற பேரப் போடு."

சாந்தாமணி. ஊர், அவினாசி. டிபார்ட்மெண்ட் என்ற இடத்தில் விரல் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர்னு போடு. இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

போட்டேன். 'ஒன் ரோ கிரியேட்டட்.' அண்ணாச்சி கேட்பதற்கு முன்பே கமிட்டும் போட்டேன்.

இரண்டாவது வரி அண்ணாச்சி. அப்புறம் கட்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அம்மாவின் பெயரை ஏற்றும்போது கண்ணாடி வழியே பார்த்தேன். கையை விரித்து, ஆச்சா என்று கேட்டாள். ஆச்சு என்று தலையாட்டினேன்.

மதியத்துக்குள் ஒரு பக்கம் நிறைந்தது. பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆட்களை எண்ணத் தொடங்கினார். விரல் என் பெயர் மேல் வந்து நின்றது.

"லாபம்," என்றார். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "ரெண்டு."